அறுபது லட்சம் டாலர் ஏலம்: லோபஸ்–கம்போசஸ் சண்டையைக் காரைக்குடி மேடைக்கு இறக்கிப் பார்த்தால்

2021 பிப்ரவரியில், உலகப் பட்டம் வழங்கும் ஐ.பி.எஃப். குத்துச்சண்டை அமைப்பு ஒரே சண்டைக்கு வந்த மூன்று மூடிய ஏலத்தொகைகளைத் திறந்தது. சண்டைகளை நடத்தும் மூன்று நிறுவனங்களில் டாப் ரேங்க் கேட்டிருந்தது 23,15,000 டாலர். மேட்ச்ரூம் 35,06,000. ட்ரில்லர் 60,18,000. லைட்வெயிட் சாம்பியன் டியோஃபிமோ லோபஸும் கட்டாயப் போட்டியாளராக வந்த ஆஸ்திரேலியர் ஜார்ஜ் கம்போசஸும் மோதும் சண்டை அது. ஒரே சரக்கு, மூன்று விலை. முதல் விலைக்கும் மூன்றாவது விலைக்கும் இடையே இரண்டரை மடங்குக்கு மேல் இடைவெளி. புரமோட்டர் தொழிலைப் படிக்க விரும்புகிறவர் இந்த மூன்று எண்களிலிருந்து தொடங்கினால் போதும். வீரருக்கு என்ன கொடுப்பது, எவ்வளவு ஆபத்தைத் தோளில் ஏற்றுவது, யாரோடு யாரைப் போடுவது ஆகிய மூன்று கேள்விகளும் இந்த எண்களுக்குள்ளேயே இருக்கின்றன.

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் கபடி, மாட்டுவண்டிப் பந்தயம் நடத்திப் பழகிய விழாக்குழுக்கள் உண்டு. அதே அனுபவத்தை வைத்துக் குத்துச்சண்டை மேடை போட நினைப்பவர்களுக்காக இந்த ஆய்வு. அமெரிக்கக் கணக்கை முதலில் முழுதாகப் பார்த்துவிட்டு ஊர்க்கணக்குக்கு வருவோம்.

சண்டை ஏலத்துக்குப் போன கதை

2020 அக்டோபர் 17 அன்று லாஸ் வேகஸில் வாசில் லோமசென்கோவைப் புள்ளிகளில் வென்று லோபஸ் உச்சத்துக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 23. இரண்டு வாரம் கழித்து லண்டனில் லீ செல்பியை வென்று, ஐ.பி.எஃப். பட்டத்துக்கான கட்டாயப் போட்டியாளர் இடத்தைக் கம்போசஸ் உறுதிசெய்துகொண்டார். இதற்குப் பிறகு சாம்பியன் அவரைத் தட்டிக்கழிக்க முடியாது. சண்டையிட வேண்டும், இல்லையென்றால் பட்டத்தை விட வேண்டும்.

இந்த நிலையில் இரு தரப்பும் பேசித் தொகை ஒத்துவந்தால் ஏலம் கிடையாது. லோபஸுக்கும் அவரை ஒப்பந்தத்தில் வைத்திருந்த டாப் ரேங்குக்கும் தொகை ஒத்துவரவில்லை. ஆகவே பர்ஸ் ஏலம், அதாவது வீரர்களின் சண்டைச் சம்பளத்துக்கான ஏலம். விதி எளிது: அதிகம் கேட்டவருக்கே சண்டையை நடத்தும் உரிமை. கேட்ட தொகை முழுவதும் இரு வீரர்களின் பர்ஸுக்குப் போகும். அரங்கு, விளம்பரம், முன்சண்டைகள் எல்லாம் அதற்கு வெளியே, நடத்துபவரின் தனிச்செலவு. இந்தச் சண்டைக்குப் பங்கு சாம்பியனுக்கு 65, எதிராளிக்கு 35.

பங்கைப் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு நிறுவனமும் லோபஸை என்ன விலைக்கு மதித்தது என்பது தெரியும். டாப் ரேங்க் வென்றிருந்தால் அவருக்கு 15,04,750 டாலர். மேட்ச்ரூம் வழியே 22,78,900. ட்ரில்லர் வழியே 39,11,700, கம்போசஸுக்கு 21,06,300.

டாப் ரேங்க் கஞ்சத்தனம் செய்தது என்பது ரசிகர்கள் பக்கத்துப் பேச்சு. எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. ஏலத்தில் தோற்றாலும் லோபஸ் அதே நிறுவனத்தின் ஒப்பந்த வீரர்தான். சண்டை முடிந்ததும் திரும்பி வரப்போகிறவர். அவரே வெல்வார் என்று பந்தயச் சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு சண்டைக்கு, அமெரிக்காவில் அதிகம் பேர் அறியாத எதிராளிக்கு, தொலைக்காட்சியிலிருந்து என்ன திரும்பும் என்று பார்த்து ஒரு தொகை எழுதினார்கள். வேறொருவர் செலவில் தங்கள் வீரர் வென்று வந்தால் அதுவும் லாபம். குறைவாகக் கேட்பது சில நேரம் கணக்குத் தெரிந்தவர் வேலை. ஆனால் வீரர் மனத்தில் அது அவமானமாகப் பதியும். அந்தச் செலவை எந்தப் பேரேட்டிலும் எழுத முடியாது.

ட்ரில்லர் குறுங்காணொளிச் செயலி நடத்திய நிறுவனம். 2020 நவம்பரில் மைக் டைசன்–ராய் ஜோன்ஸ் காட்சிச் சண்டையை நடத்திக் கையில் பெயர் சேர்த்திருந்தது. அதன் ஏலத்தொகை இரண்டாவது ஏலத்தொகையைவிட 25,12,000 டாலர் அதிகம். மூடிய ஏலத்தில் வெல்ல ஒரு டாலர் கூடுதல் போதும். இருபத்தைந்து லட்சம் கூடுதலாகக் கேட்பவர் ஒன்று சந்தையை அறியாதவர், அல்லது சண்டை வருமானத்தை விட்டு வேறொன்றை வாங்குகிறவர். ட்ரில்லர் விளம்பரத்தையும் செயலிக்கு ஆட்களையும் வாங்கப் பார்த்தது என்பது எங்கள் கணிப்பு. அப்படிப்பட்ட பணம் நல்ல பணம்தான், வந்து சேர்ந்தால்.

தேதி நகர்ந்தால் யாருக்குச் செலவு

2021 ஜூன் 5 என்று தொடங்கி, பிறகு ஜூன் 19, மயாமி பேஸ்பால் மைதானம் என்று அறிவித்தார்கள். சண்டைக்குச் சில நாள் முன்பு லோபஸுக்குக் கொரோனா உறுதியானது. அதில் யார் மீதும் குற்றமில்லை. அதன் பிறகு தேதியும் இடமும் தொடர்ந்து நகர்ந்தன. அக்டோபர் தொடக்கத்தில் நியூயார்க் என்றார்கள். அடுத்து அக்டோபர் நடுவில் புரூக்ளின் என்றார்கள். கம்போசஸ் தரப்பு அதற்கு ஒப்பவில்லை. கடைசியில் ஐ.பி.எஃப்., ட்ரில்லர் கடமை தவறியதாக அறிவித்து ஏலத்தில் இரண்டாவதாக வந்த மேட்ச்ரூமிடம் சண்டையைக் கொடுத்தது.

ஏலத்தொகையில் 20 விழுக்காடு முன்வைப்பு (டெபாசிட்). அதாவது 12,03,600 டாலர். ட்ரில்லர் அதை இழந்தது. அது வீரர்களுக்கு அதே 65–35 பங்கில் போனது. கூட்டிப் பார்த்தால் லோபஸுக்கு 22,78,900 உடன் 7,82,340 சேர்ந்து 30,61,240. கம்போசஸுக்கு 12,27,100 உடன் 4,21,260 சேர்ந்து 16,48,360. முதல் ஏலம் நிறைவேறியிருந்தால் கிடைத்திருக்கும் தொகையைவிட இருவரும் சேர்ந்து 13,08,400 டாலர் குறைவு. இதற்கு மேல் இரண்டு மூன்று முறை பயிற்சி முகாம் போட்டுக் கலைத்த செலவு. முகாமில் பயிற்சியாளர், கைக்குத்துப் பழக எதிராள், தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் வீரர் தலையில். பர்ஸிலிருந்து பயிற்சியாளருக்கு வழக்கமாக 10 விழுக்காடு, மேலாளர் பங்கு, பட்டச் சண்டை என்றால் அமைப்புக்குக் கட்டணம், பிறகு வரி. செய்தியில் வரும் தொகையில் பாதி கைக்கு வந்தால் அது நல்ல ஒப்பந்தம்.

முன்வைப்பு இல்லாதிருந்தால் இந்தக் கதை இன்னும் மோசமாக முடிந்திருக்கும். இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க்கணக்கில் திரும்ப வரும்.

மேடையில் நடந்தது

2021 நவம்பர் 27, மேடிசன் ஸ்கொயர் கார்டனின் சிறிய அரங்கு. முதல் ரவுண்டிலேயே முடிப்பேன் என்று சொல்லிவந்த லோபஸ் அதே முதல் ரவுண்டில் கீழே விழுந்தார். பத்தாவது ரவுண்டில் கம்போசஸ் விழுந்து எழுந்தார். இரண்டு நடுவர்கள் 115–111, 115–112 என்று கம்போசஸுக்கும், ஒருவர் 114–113 என்று லோபஸுக்கும் கொடுத்தார்கள். பட்டங்கள் கைமாறின.

பிறகு வந்த செய்திதான் தொழில்காரர்களைத் திடுக்கிட வைத்தது. உணவுக்குழாயில் ஏற்பட்ட கிழிசலால் மார்புக்கூட்டுக்குள் காற்று கசிந்த நிலையில் லோபஸ் அன்று 12 ரவுண்டும் ஆடியிருந்தார். உயிர் போயிருக்கக்கூடிய நிலை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். உலகின் மிகக் கண்டிப்பான குத்துச்சண்டை ஆணையங்களில் ஒன்று இருக்கும் நியூயார்க்கில் இது நடந்தது. எடை பார்க்கும் நாளில் செய்யும் மேலோட்டமான பரிசோதனை எதைத் தவறவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். லைட்வெயிட் பிரிவின் 61.23 கிலோ எல்லைக்கு உடம்பை இறக்க லோபஸ் வெகுநாளாகச் சிரமப்பட்டவர். அடுத்த சண்டைக்கே ஒரு பிரிவு மேலே போய்விட்டார்.

டாப் ரேங்குக்கு வந்த நஷ்டத்தையும் பார்க்க வேண்டும். கட்டாயச் சண்டை, பர்ஸ் ஏலம் என்று போனதால் மறுசண்டைக்கான உரிமை லோபஸ் பக்கம் இல்லை. பட்டத்தோடு கம்போசஸ் ஊர் திரும்பினார். 2022 ஜூனில் மெல்போர்ன் மைதானத்தில் 40,000 பேருக்கு மேல் பார்க்க, டெவின் ஹேனியோடு மோதித் தோற்றார். அந்த ஒப்பந்தத்தில் மறுசண்டை உரிமை எழுதியிருந்ததால் அக்டோபரில் அதே ஊரில் மறுபடியும் பெரிய வருமானம், மறுபடியும் தோல்வி. ஏலத்துக்குப் போகாமல் நேரடியாகப் பேசி முடித்திருந்தால் அந்த உரிமையை டாப் ரேங்க் எழுதி வாங்கியிருக்கும். வீரருக்குச் சில லட்சம் கூடக் கொடுப்பது, தோற்றால் திரும்பி வர ஒரு வழியை விலைக்கு வாங்குவது. இந்த வழக்கில் எங்கள் தீர்ப்பு இதுதான்: டாப் ரேங்க் எழுதிய தொகை சரி, ஏலம் வரை போகவிட்டது தவறு.

காரைக்குடிக்கு வருவோம்

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு முகமது அலி சட்டம் இருக்கிறது. சண்டையிலிருந்து புரமோட்டருக்கு என்ன வருகிறது என்பதை வீரருக்கு அவர் வெளிப்படுத்த வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் ஆணையம் இருக்கிறது. நம் நாட்டில் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு அப்படியோர் அரசு ஆணையம் கிடையாது. அங்கே ஆணையம் செய்யும் வேலையை இங்கே நடத்துபவரே எழுதி வைத்துச் செய்ய வேண்டும்.

ஆறு சண்டை, 1,200 இருக்கை என்று ஒரு மாலை நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ள ரூபாய்க் கணக்கு மாதிரிக்காகப் போட்டது. உங்கள் ஊர் வாடகைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வருபவர் 900 பேர், சராசரி 300 ரூபாய் என்றால் 2,70,000. உபயதாரர்கள் 5,00,000. மொத்தம் 7,70,000. செலவில் மேடை, கயிறு, விளக்கு, ஒலி, ஜெனரேட்டர் 1,50,000. விளம்பரம், அனுமதி, பாதுகாப்பு 1,00,000. பயணம், தங்குமிடம் 80,000. காப்பீடு 60,000. ரெஃப்ரி, நடுவர்கள் 45,000. மருத்துவர், இரண்டு ஆம்புலன்ஸ் 40,000. கையுறை, கைக்கட்டுத் துணி, சில்லறை 25,000. ஆக 5,00,000. மிச்சம் 2,70,000. இதில் 50,000 ஒதுக்கு. மீதி 2,20,000 தான் பர்ஸ்.

அதைப் பிரித்தால் எட்டு ரவுண்ட் முக்கியச் சண்டைக்கு 72,000 (40,000 + 32,000), ஆறு ரவுண்ட் சண்டைக்கு ஆளுக்கு 22,000, நான்கு ரவுண்ட் சண்டைகள் நான்குக்கும் ஆளுக்கு 13,000. சரியாக 2,20,000.

இப்போது உபயத்தில் பாதி வரவில்லை என்று வையுங்கள். 2,50,000 போய்விட்டது. ஒதுக்கையும் சேர்த்து 12 வீரர்களுக்குக் கொடுக்க மிச்சம் 20,000. ட்ரில்லர் கதை இங்கே லட்சத்துக்குப் பதில் ஆயிரத்தில் நடக்கும், அவ்வளவுதான். ஆகவே உபயதாரர் பெயரை நோட்டீஸில் அச்சிடுவதற்கு முன் பணம் வங்கியில் இருக்க வேண்டும். ‘நிகழ்ச்சி முடிந்ததும் தருகிறேன்’ என்பவர் பெயர் மைக்கில் மட்டும் வரட்டும். பர்ஸ் தொகை முழுவதையும் எடை பார்க்கும் நாளுக்கு முன்பே இரு தரப்பும் ஏற்ற ஒரு மூன்றாம் ஆளிடம் கட்டிவிட்டு, ரசீதின் படத்தை எல்லா வீரருக்கும் அனுப்புங்கள். தேதி மாறினால் வீரருக்குப் பர்ஸில் 20 விழுக்காடு உடனே என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். அந்த வரிக்குப் பயந்தே தேதி மாறாது.

தேதி விஷயத்தில் செட்டிநாட்டுக்கென்று சில சிக்கல்கள். தை, மாசியில் மஞ்சுவிரட்டும் வண்டிப் பந்தயமும் உபயதாரர்களையும் கூட்டத்தையும் காவல்துறையையும் ஒருசேர இழுத்துக்கொள்ளும். முகூர்த்த நாளில் மண்டபம் கிடைக்காது. கிடைத்தாலும் மேடை உயரம் போக விளக்குக்கு இடமில்லாத தாழ்ந்த கூரையாக இருக்கும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகை போட்டால், எடைக்காக நீர் வற்றிய உடம்புக்கு அது அடுப்பு. ஆடி, ஆவணி மாலைகள் பரவாயில்லை.

சென்னையிலிருந்து வரும் வீரர்கள் இரவு ரயிலில் காரைக்குடி இறங்கிக் காலையில் எடை பார்ப்பார்கள். வழி முழுக்கத் தண்ணீர் குடிக்காமல், தூங்காமல் வருவார்கள். இதைத் தவிர்க்க, எடை பார்ப்பதற்கு முந்தைய நாளே அவர்களை வரவழைத்துத் தங்க வைக்க வேண்டும். அறை வாடகை கூடும், கூடட்டும். எடையில் தவறியவருக்கு என்ன என்பதையும் முன்பே எழுதிவிட வேண்டும். அரை கிலோ வரை இரண்டு மணி நேர அவகாசம். அதற்கு மேல் பர்ஸில் 20 விழுக்காடு எதிராளிக்கு. இரண்டு கிலோவைத் தாண்டினால் எதிராளி சம்மதித்தாலும் சண்டை கிடையாது. இந்த மூன்றாவது விதியைத்தான் எல்லோரும் கடைசி நேரத்தில் தளர்த்துவார்கள். இரண்டு கிலோவைத் தொடாத தாண்டலே ஆபத்துதான்: 2024 ஏப்ரலில் ரையன் கார்சியா 140 பவுண்டு எல்லையை 3.2 பவுண்டு, அதாவது ஏறத்தாழ ஒன்றரை கிலோ, தாண்டி வந்தும் டெவின் ஹேனி சண்டையை ஏற்றார். ஹேனி மூன்று முறை கீழே விழுந்தார்.

ஜோடி போடுவது

வண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடுமாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, தூரத்தையும் அதற்கேற்ப வைக்கிறோம். குத்துச்சண்டையில் எடைப் பிரிவு அந்த வேலையில் பாதியைத்தான் செய்யும். மீதிப் பாதி, அதாவது எத்தனை ரவுண்ட் ஆடிப் பழகியவர், எப்படித் தோற்றவர், கடைசியாக எப்போது ஆடினார் என்பவை ஜோடி போடுபவர் கையில்.

இங்கே பணமும் ஜோடியும் நேருக்கு நேர் முட்டும். உள்ளூர்ப் பையன் 200 டிக்கெட் விற்பான். எதிராளி வெளியூர், ஒரு டிக்கெட்டும் விற்க மாட்டான். பிரிட்டனின் சிறிய அரங்குகளில் இதுவே வழக்கம்: உள்ளூர் வீரரின் சம்பளம் அவர் விற்ற டிக்கெட்டிலிருந்து, வெளியூர் எதிராளிக்கு நிலையான தொகை. டிக்கெட் விற்பவர் தோற்றால் அடுத்த நிகழ்ச்சிக்கு டிக்கெட் இல்லை. அதனால் அவருக்கு எதிராகத் தோற்றுப் பழகியவரைத் தேடிப் போடுவார்கள். ஒரு மாலை ஓடும், இரண்டு மாலை ஓடும். மூன்றாவதில் முடிவு தெரிந்த சண்டைக்கு யாரும் 300 ரூபாய் தர மாட்டார்கள்.

எங்கள் பரிந்துரை: ஆறு சண்டையில் உள்ளூர் வீரருக்குச் சாதகமான ஜோடி இரண்டுக்கு மேல் வேண்டாம். அந்த இரண்டிலும்கூட எதிராளி கடைசி இரண்டு சண்டையிலும் நாக் அவுட்டில் தோற்றவராக இருக்கக்கூடாது. முக்கியச் சண்டை சமமாகவே இருக்க வேண்டும். அதனால்தான் மேலே பர்ஸை 40,000–32,000 என்று நெருக்கமாக வைத்தோம். 60,000–12,000 என்று வைத்தால் 12,000-க்கு வருகிறவர் வெல்ல வருவதில்லை; பேருந்துக் காசுக்கும் ஒரு மாதச் செலவுக்கும் வருகிறார். வென்றால் 8,000 கூடுதல் என்று ஒதுக்கிலிருந்து வைத்தால் கடைசி ரவுண்டும் சூடாக இருக்கும். தோற்பவர் பர்ஸிலிருந்து எடுத்து வெல்பவருக்குக் கொடுக்கும் ஏற்பாட்டை மட்டும் செய்யாதீர்கள். அடிபட்டு நிற்பவர் மேடையை விட்டு இறங்க மறுப்பார். அவர் பயிற்சியாளரும் சண்டையை நிறுத்தத் துண்டை வீசத் தயங்குவார்.

ஆபத்துக் கணக்கில் பெரியது மூளையில் ரத்தக்கசிவு. அதில் நிமிடங்களுக்கு விலை உண்டு. காரைக்குடியிலிருந்து மதுரை, திருச்சி இரண்டுமே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். சிவகங்கை, புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் அதில் பாதித் தூரம். அன்று இரவு எந்த மருத்துவமனையில் சி.டி. ஸ்கேனும் நரம்பியல் அறுவை மருத்துவரும் இருக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதி ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கையில் கொடுக்க வேண்டும். ஆம்புலன்ஸ் இரண்டு வேண்டியதும் இதற்காகத்தான். ஒன்று கிளம்பிவிட்டால் இரண்டாவது இருக்கும் வரைதான் அடுத்த மணி அடிக்கலாம். அதுவும் போய்விட்டால் மீதிச் சண்டை நிற்கும், பர்ஸ் நிற்காது.

ஹெச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி ரத்தப் பரிசோதனை, கண், தலை ஸ்கேன் அறிக்கைகள் பத்து நாள் முன்பே வர வேண்டும். எடை பார்க்கும் காலையில் வாங்கிப் பார்த்தால் மாற்று ஆள் தேட நேரமிருக்காது. ‘பரவாயில்லை, ஆடட்டும்’ என்ற முடிவுதான் வரும். மாற்று வீரர் ஒருவரை நடுத்தர எடையில் பரிசோதனை முடித்துத் தயாராக உட்கார வையுங்கள். அவர் மேடை ஏறாவிட்டாலும் 6,000 ரூபாயும் வழிச்செலவும் அவருக்கு உண்டு. ஒதுக்கு 50,000 வைத்தது இதற்கும் சேர்த்துத்தான்.

நாக் அவுட் ஆனவருக்குக் குறைந்தது 60 நாள் ஓய்வு என்று எழுதிக் கொடுத்து, பக்கத்து ஊர் நிகழ்ச்சிக்காரர்களுக்கும் அந்தப் பெயரை அனுப்ப வேண்டும். சட்டம் இல்லாத இடத்தில் அடுத்த வாரமே வேறு பெயரில் வேறு மேடையில் அவர் நிற்பதைத் தடுக்க இது ஒன்றுதான் வழி. பர்ஸை அன்று இரவே, மருத்துவர் பார்த்து முடித்த பிறகு, வீரர் கையிலோ கணக்கிலோ நேரடியாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். அழைத்து வந்தவர் கையில் கொடுக்க வேண்டாம். பயிற்சியாளர் பங்கை வீரரே பிரித்துக் கொடுக்கட்டும்.